கும்பினியார் நவாபைக் கைவிடாதது ஏன்?

மைசூரில் வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வருவாராயின், சாமுண்டி மலைக்கும் அரண்மனைக்கும் அடுத்தபடியாக நாம் அவர்களை அழைத்துச் செல்வது ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கே. அரங்கநாதரை வணங்கிய பின்னர்த் தரியா தௌலத் மாளிகையைக் காட்டுகிறோம். அம்மாளிகையின் மேற்குச் சுவரில் பெரியதொரு போர்க் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. ஐதரும் திப்புவும் பெரும் படையுடன் நெருங்கி வர, ஆங்கிலேயரின் சதுர அணிவகுப்பு நடுவே சிக்கி நிற்கிறது. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. தளபதி பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறான். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நடந்த போர் அது. ஓவியத்தைப் பார்த்து வியப்போர் பலர். போர் நடந்த பொள்ளிலூர் எங்குள்ளது என்று கேட்போர் சிலரே. அது காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் ஊரும் அதுவே. கன்னட நாட்டுப் படைக்கும் தமிழ் மண்ணுக்கும் இடையே அச்சிற்றூருக்கு என்ன பழந்தொடர்போ, அறியோம்!

ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களில் 'ஐதர் கலாபம்' என்னும் சொல் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தது. எரிந்த ஊர்களையும் ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளையும் பயிரை விட்டுவிட்டுக் காட்டுக்கு ஓடிய குடிகளையும் குறிக்கும் சொல் அது. நாம் வாழும் இந்நகரிலோ ஐதர் அலி ஆங்கிலேயரை நடுங்கவைத்த வீரராகப் போற்றப்படுகிறார். இரண்டு நினைவுகளும் பொய்யல்ல. ஆனால் இரண்டிலும் மூன்றாவது ஒருவரின் பெயர் மறைந்து கிடக்கிறது. அவர்தாம் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா. சென்னையில் வாலாஜா சாலையும், ஆர்க்காட்டுக்கு அருகே வாலாஜாபேட்டையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவரையும், அவரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தாங்கி நின்ற கிழக்கிந்தியக் கும்பினியையும் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம்.

பெரிய வல்லரசொன்று, தனக்குப் பழியும் பணச்செலவும் தேடித்தரும் சிறிய நேசனை ஏன் விடாது தாங்குகிறது என்னும் வினா, செய்தித்தாள் படிப்போர் எவர் உள்ளத்திலும் இன்று எழுவதே. அதற்கு விடை தேடத் தொலைதூர நாடுகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. காவிரியின் மேற்கரைக்கும் கீழ்க்கரைக்கும் இடையே அவ்விடை முழுவதும் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அக்காலத்து ஆவணங்களில் 'கர்நாடகம்' என வருவது இன்றைய கர்நாடக மாநிலமன்று. மலைத்தொடருக்குக் கீழே கடற்கரை வரை பரந்த, பெரும்பாலும் தமிழ் வழங்கிய நிலப்பரப்பே அப்பெயரால் குறிக்கப்பட்டது. அதன் தலைநகர் ஆர்க்காடு. ஆளுவோன் ஐதராபாத்து நிஜாமுக்குக் கீழ்ப்பட்டவன். நிஜாமோ பெயரளவில் தில்லி பாதுஷாவுக்குக் கீழ்ப்பட்டவர். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தளர்ந்திருந்த காலத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். வென்றவர் சந்தா சாகிபு. அவருக்குப் பின்னே நின்றவர் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் தூப்ளே. மாண்டவரின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். அவரிடம் அப்போது நாடில்லை, பணமில்லை, நம்பத்தகுந்த படையுமில்லை. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் அவரை ஏன் எடுத்துத் தாங்கினர்? அவர் நல்லவர் என்பதாலன்று, வல்லவர் என்பதாலுமன்று. பிரெஞ்சுக்காரர் கையில் ஒரு நவாபு இருக்கும்போது தம் கையிலும் ஒரு நவாபு இல்லாவிடில் வாணிபமே பறிபோய்விடும் என்னும் அச்சமே காரணம். தூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பைப் புரட்டுவோர்க்கு, அக்காலத்துப் புதுச்சேரியில் நவாபுப் பட்டம் எவ்வாறு பேரம் பேசப்பட்டது என்பது நன்கு விளங்கும்.

முற்றுகையில் சிக்கிய முகம்மது அலி மைசூரின் உதவியை நாடினார். அந்நாளில் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரியணையில் இருந்தவர் இம்மடி கிருஷ்ணராச உடையார். ஆயினும் ஆட்சி தளவாய் தேவராசர், அவர் தம்பி கரசூரி நஞ்சராசர் ஆகிய இருவர் கையிலேயே இருந்தது. நஞ்சராசர் புலவர்களைப் போற்றியவர். 'நஞ்சராச யசோபூஷணம்' என்னும் வடமொழி அணிநூல் அவர் புகழைப் பாடுவது. ஆனால் பேரம் பேசுவதில் அவர் போதிய எச்சரிக்கை கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. படையுதவி செய்தால் திருச்சிராப்பள்ளியையும் அதைச் சார்ந்த நாட்டையும் மைசூருக்கே தந்துவிடுவதாக முகம்மது அலி எழுதிக் கொடுத்தார். நஞ்சராசர் அதை நம்பினார். 1752-இன் தொடக்கத்தில் மைசூர்ப் படை காவிரியை ஒட்டியே கீழிறங்கித் திருச்சிராப்பள்ளியை அடைந்தது. முராரிராவின் மராட்டியக் குதிரைப்படைக்கும் மைசூரே பணம் கொடுத்தது. இதற்கு முன்னரே ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிக் கிளைவு புகழ்பெற்றிருந்தான். இருபுறமும் நெருக்குண்ட சந்தா சாகிபு அவ்வாண்டு ஜூன் மாதம் சரணடைந்து தலையிழந்தார்.

வாக்கை நிறைவேற்றும் நாள் வந்தது. முகம்மது அலி தவணை கேட்டார், சாக்குச் சொன்னார், முடிவில் மறுத்தார். திருச்சிராப்பள்ளி தம்முடையதன்று, பாதுஷாவுடையது, அதை எழுதிக் கொடுக்கத் தமக்கு உரிமையில்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று! எழுதிக் கொடுக்கும்போது இல்லாத ஐயம் திருப்பிக் கேட்கும்போது பிறந்தது. அப்போது கோட்டைக்குள் காவலிருந்தது காப்டன் டால்டன் என்பவனின் ஆங்கிலப் படை. அவ்வொப்பந்தத்தைப் பற்றித் தமக்கு முன்னர் ஒன்றும் தெரியாது என்றனர் ஆங்கிலேயர். தெரிந்த பின்னரோ, வாக்குத் தவறியவர் பக்கமே நின்றனர். கோட்டை பிரெஞ்சுக்காரருக்கு நண்பராகக் கூடிய எவரிடமும் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு அப்போதே பொய்த்தது. ஏமாற்றமுற்ற நஞ்சராசர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

நஞ்சராசர் மூன்றாண்டுக் காலம் ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றியே பாசறை அடித்துக் கிடந்து, 1755-இல் வெறுங்கையுடன் திரும்பினார். மைசூரின் கருவூலம் வறண்டது. சம்பளம் பெறாத படைவீரர் கலகம் செய்தனர். அக்கலகத்தை அடக்கிக் கணக்குத் தீர்த்தவர் யார்? திருச்சிராப்பள்ளிப் போர்க்களத்திலேயே பெயரெடுத்து, திண்டுக்கல்லில் பௌஜுதாராக அமர்ந்து படை பெருக்கியிருந்த ஐதர் அலி. நஞ்சராசரை ஒதுக்கிவிட்டு 1761-இல் அவர் மைசூரின் முழு அதிகாரத்தையும் கைக்கொண்டார். முகம்மது அலியின் பொய்வாக்கு இல்லாவிடில் ஐதரின் எழுச்சி இத்துணை விரைவில் நிகழ்ந்திராது என்பது நம் கருத்து. அவ்வாக்கும் அதற்குக் காவல் நின்ற கும்பினித் துப்பாக்கியும் மைசூரார் நெஞ்சில் ஆறாப் புண்ணாயின.

இதற்கிடையே பிரெஞ்சுக்காரர் தோற்றனர். 1763-இல் பாரிசு உடன்படிக்கையின் பதினோராம் விதி, முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக இரு நாட்டு மன்னரும் ஒப்புக்கொள்வதாகக் கூறிற்று. 1765-இல் தில்லி பாதுஷா ஷா ஆலம் வழங்கிய பட்டயத்தால் அவர் நிஜாமின் மேலாண்மையிலிருந்தும் விடுபட்டார். இதில் நாம் கவனிக்க வேண்டுவது யாதெனின், பகைவன் ஒழிந்தவுடன் நேசனின் தேவையும் ஒழிந்திருத்தல் வேண்டும், ஆனால் ஒழியவில்லை. கும்பினிக்கு அந்நாளில் தமிழகத்தில் சொந்தமாக இருந்த நிலம் சிறிது. செங்கற்பட்டுச் சீமையே நவாபு தந்த ஜாகீர்தான். மற்றெங்கும் கும்பினிப் படை நுழைந்தது நவாபின் பெயரால். பாளையக்காரரிடம் கப்பம் கேட்டது நவாபின் பெயரால். 1764-இல் மதுரையில் கான் சாகிபு என்னும் மருதநாயகத்தைத் தூக்கிலிட்டதும் நவாபின் பெயரால். நவாபின் உரிமையைப் பொய் என்றால், அதன்மேல் தாம் கட்டிய உரிமையும் சரிந்துவிடும். தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்ட எவர் துணிவர்?

இதுவரை கூறியது அரசியல். இனிக் கூறப்போவது வட்டி. விடையின் பெரும்பகுதி இங்கேயே உள்ளது.

போர்ச் செலவு முழுவதையும் கும்பினி நவாபின் கணக்கிலேயே எழுதியது. ஒவ்வொரு முற்றுகைக்கும் ஒரு கணக்குச் சீட்டு சென்றது. நவாபிடம் ரொக்கமில்லை. கும்பினி நெருக்கிற்று. நெருக்கியவர்களே மாலையில் வேறு உருவில் வந்தனர். அதாவது, பகலில் கும்பினியின் ஊழியராக நின்று பாக்கியைக் கேட்டவர்களே, தனி மனிதராக நின்று நவாபுக்குக் கடன் கொடுத்தனர். வட்டி நூற்றுக்கு 36 வரை ஏறியது. ஈடாக நவாபு, இன்ன சீமையின் நிலவரி இன்னாருக்கு என்று எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவனின் ஆள் அச்சீமைக்குச் சென்று, கதிர் அறுபடுமுன்னரே களத்தில் நின்றான். நவாபோ தம் தலைநகரான ஆர்க்காட்டை விட்டு, சென்னைக் கோட்டைப் பீரங்கியின் நிழலிலேயே சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறிவிட்டார். கடன் கொடுப்போர் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். 1767-இல் பழைய கடன்களை ஒன்றுசேர்த்து எழுதியபோது அது ஏறத்தாழ 8,80,000 பவுன். 1777-இல் மீண்டும் ஒரு தொகுப்பு நடந்தது. தொகுக்கத் தொகுக்கக் கடன் பெருகியதேயன்றிக் குறையவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சென்னைக் கவுன்சிலில் அமர்ந்து, நவாபை ஆதரிப்பதா, அடக்குவதா என்று வாக்களிப்பவன் எவன்? நவாபின் கடன் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவன். நவாபு வீழ்ந்தால் அப்பத்திரம் வெறுங் காகிதம். நவாபுக்குப் புதிய நாடு கிடைத்தால் அதன் மதிப்பு உயரும். ஆகவே நவாபைத் தாங்கினால் மட்டும் போதாது. அவருக்கு நாடு பிடித்தும் கொடுக்க வேண்டும். 1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் சேர்ந்து இராமநாதபுரத்தைப் பிடித்தன. அதே ஆண்டு காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலுநாச்சியார் ஐதரின் ஆட்சிக்கு உட்பட்ட திண்டுக்கல் சீமையில் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஐதர் தந்த படையுதவியுடன் 1780-இல் தம் நாட்டை மீட்டார் என்பது மைசூர்த் தமிழர் மறக்கலாகாத செய்தி. நவாபுக்கும் கும்பினிக்கும் அஞ்சிய தமிழ்க்குடி ஒன்று நிழல் தேடியது மைசூர்க் கொடியின் கீழே.

1773-இல் தஞ்சையின் முறை வந்தது. சோழ வளநாட்டின் நெல்லை நவாபின் கடன்காரர் நெடுநாள் கண்வைத்திருந்தனர். மன்னர் துளசாஜி சிறைப்பட்டார். நாடு நவாபின் வசமாயிற்று. இலண்டனிலிருந்த இயக்குநர்கள் இச்செயலை ஏற்கவில்லை. நாட்டைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டு, பிகட்டு பிரபுவைக் கவர்னராக அனுப்பினர். அவர் 1776 ஏப்ரலில் துளசாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்டு என்னும் கும்பினி ஊழியன், தஞ்சை விளைச்சலில் தனக்கு ஏறத்தாழ 2,34,000 பவுன் வரவேண்டும் என்று உரிமை கோரினான். சிறு சம்பளம் பெற்ற அவனுக்கு அத்துணைப் பெரும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய கவுன்சில், அவன் பக்கமே சாய்ந்தது. பிகட்டு இணங்கவில்லை. 1776 ஆகஸ்டு 24-ஆம் நாள் கவுன்சிலின் பெரும்பான்மையினர் தம் கவர்னரையே சிறைசெய்தனர்! அவர் 1777-இல் காவலிலேயே இறந்தார். பின்னர் நால்வர் மீது சீமையில் வழக்கு நடந்தது. தண்டனை ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். தஞ்சை விளைச்சலை எண்ணினால் அஃது ஒரு தொகையா?

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் அறிவது ஒன்று. வல்லரசு என்றவுடன், ஒரே தலையும் ஒரே மனமும் உடைய பேருருவமாக அதனை எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அதற்குப் பல தலைகள். இலண்டன் இயக்குநர் ஒன்று நினைத்தனர். மன்னரின் அமைச்சர் வேறொன்று நினைத்தனர். சென்னைக் கவுன்சில் தன் பைக்கு ஏற்ப நினைத்தது. அவ்விடைவெளிகளிலேயே சிறிய நேசன் வாழ்ந்தான். முகம்மது அலி இதனை நன்கறிந்தவர். கும்பினியின்மேல் குறைகூறி நேரே மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடிதம் எழுதுவார். பாரிசு உடன்படிக்கையில் தம் பெயர் இருப்பதைச் சுட்டி, தாம் பிரிட்டிஷ் மன்னரின் நேசரேயன்றிக் கும்பினியின் பணியாளரல்லர் என்பார். ஜான் மக்பர்சன் என்னும் இளைஞனைத் தம் காரியத்திற்காக இலண்டனுக்கு அனுப்பினார்; அவ்விளைஞன் பிற்காலத்தில் வங்காளத்தில் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாகவே அமர்ந்தான். நவாபைப் பொம்மை என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடன்பட்டார் நெஞ்சம் கலங்கும் என்பது பொதுவழக்கு; இங்கோ கலங்கியவர் கடன் கொடுத்தவரே. கடனையே கவசமாக அணிந்துகொண்ட அரசர் அவர்.

மைசூரின் பக்கம் திரும்புவோம். முதல் மைசூர்ப் போரின் முடிவில், 1769-இல் ஐதர் அலி குதிரைப்படையுடன் சென்னையின் வாயிலுக்கே வந்து நின்றார். கவுன்சில் நடுங்கிப்போய் உடன்படிக்கைக்கு இசைந்தது. ஒருவர்மீது பிறர் படையெடுத்தால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் உயிரான விதி. ஈராண்டுகூடச் சரியாக நிறைவேறவில்லை. மராட்டியர் மைசூர்மீது பாய்ந்தனர். 1771-இல் மேலுக்கோட்டைக்கு அருகே சின்னக்குறளிப் போரில் ஐதர் பெருந்தோல்வியுற்றார். உதவி கேட்டு ஆளனுப்பினார், உதவி வரவில்லை. நவாபு, ஐதருக்கு உதவுவதை எதிர்த்தார். மராட்டியருடன் சேர வேண்டுமென்று வற்புறுத்தினார். மன்னரின் தூதராக நவாபின் அவைக்கு வந்திருந்த சர் ஜான் லிண்ட்சேயும் நவாபின் சொல்லையே பேசினார். இரு கட்சிக்கும் நடுவே சிக்கிய கவுன்சில் ஒன்றும் செய்யாதிருந்தது. எழுதிக் கொடுத்த வாக்கு இரண்டாம் முறையும் காற்றில் போயிற்று. முதல் முறை வாக்களித்தவர் நவாபு, காத்தது கும்பினி. இம்முறை வாக்களித்தது கும்பினி, தடுத்தவர் நவாபு.

1779-இல் சென்னைக் கவர்னர், ஐதரிடம் சமாதானத் தூதாக சுவார்ட்சு பாதிரியாரை அனுப்பினார். தஞ்சையில் வாழ்ந்து தமிழில் நன்கு பேசவல்ல அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் மதிப்புடன் வரவேற்றார். ஆயினும் கும்பினியார் வாக்குத் தவறியவற்றை எடுத்துக்காட்டி, இனி நம்புவதற்கில்லை என்னும் மனநிலையையே வெளிப்படுத்தினார். அதே ஆண்டு, தம் பாதுகாப்பில் இருந்த மாகே துறைமுகத்தை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தது எரியும் தீயில் நெய் வார்த்தது. 1780 ஜூலையில் சங்கமக் கணவாய் வழியே எண்பதாயிரத்துக்குக் குறையாத படை கர்நாடகத்தினுள் இறங்கியது. பொள்ளிலூரில் பெய்லி பிடிபட்டான். சில வாரங்களில் ஆர்க்காடும் வீழ்ந்தது. 

ஐதர் கலாபம் என்று நம் முன்னோர் கூறியது இதனையே. சென்னையைச் சுற்றிலும் உணவு கிடைக்காதவாறு ஊர்கள் எரிக்கப்பட்டன, ஏரிகள் உடைக்கப்பட்டன, குடிகள் மலைமேல் ஓட்டிச் செல்லப்பட்டனர். இதனை நாம் மறைக்கவோ மெழுகவோ விரும்பவில்லை. திருச்சிராப்பள்ளியில் ஏமாற்றியது வந்தவாசி உழவனோ காஞ்சி நெசவாளனோ அல்லனே! சேப்பாக்கத்தில் எழுதிய பத்திரத்துக்கு வட்டியும் அவனே கட்டினான். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் சினத்துக்கு வீட்டையும் அவனே இழந்தான். ஐதரின் கொடியை மட்டும் பார்த்துப் பழிப்பவரும், பெய்லியின் பல்லக்கை மட்டும் பார்த்து மகிழ்பவரும் அவ்வுழவனைப் பார்ப்பதில்லை.

கும்பினிக்கு நேர்மையான காரணமே இல்லையா எனின், இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கப்பற்படை மீண்டும் வரும் என்னும் அச்சம் வீண் அச்சமன்று. 1782-இல் சுப்ரேன் என்னும் தளபதி வங்கக் கடலில் ஆங்கிலேயரை ஓயாது அலைக்கழித்தான். 1780-இன் பேரிடரிலும் முகம்மது அலி ஆங்கிலேயரை விட்டு நீங்கவில்லை என்பதும் உண்மை. பழைய நண்பனைக் கைவிட்டால் மற்ற அரசர் நம்மை நம்பார் என்று வாதிட்டோரும் உண்டு. இவ்வாதம் பிற்காலத்தும் பல முறை ஒலித்தது. தென் வியட்நாமில் 1955 முதல் 1975 வரை அமெரிக்கா ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கிய ஆட்சிகளுக்காகக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயதும் இதுவே. ஆனால் சென்னையின் வழக்கில் இவ்வாதம் வலுவற்றது. நவாபிடம் காட்டிய உறுதியைக் கும்பினி ஐதரிடம் காட்டவில்லை, துளசாஜியிடமும் காட்டவில்லை. கொடுத்த சொல்லைக் காப்பதே கொள்கையாயின் 1769-இன் சொல்லையும் காத்திருக்க வேண்டும்.

எது உண்மையான காரணம் என்பதை 1785 காட்டிவிட்டது. போரின் நடுவே 1781-இல் கவர்னர் மக்கார்ட்னி, நாட்டு வருவாயை நவாபிடமிருந்து கும்பினியின் கைக்கு மாற்றியிருந்தார். ஐதர் 1782-இல் மறைந்தார். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையால் போர் ஓய்ந்தது. பிரெஞ்சு அபாயம் தணிந்தது. மைசூர் அபாயமும் தணிந்தது. நேசனைத் திருத்துவதற்கு இதனினும் நல்ல காலம் வாய்க்காது. அப்போது பிட்டு, டண்டாசு ஆகியோரின் அரசு என்ன செய்தது? வருவாயை நவாபிடமே திருப்பிக் கொடுத்தது. அவருடைய தனிக்கடன்களை, மெய்யா பொய்யா என்று ஆராயாமலே, ஆண்டுக்கு 4,80,000 பவுன் வீதம் கர்நாடகத்து வருவாயிலிருந்து தீர்க்குமாறு ஆணையிட்டது. எட்மண்டு பர்க்கு 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் பாராளுமன்றத்தில் நிகழ்த்திய பேருரையில் இதனைக் கிழித்தெறிந்தார். பென்ஃபீல்டின் பணத்தால் பாராளுமன்றத்துக்குள் வந்தோர் இத்தனை பேர் என்றே எண்ணிச் சொன்னார். தீர்மானம் தோற்றது. மக்கார்ட்னி பதவி துறந்தார். புலிவாலைப் பிடித்தவனை ஒத்தனர் கும்பினியார் என்று முன்னர் எண்ணியிருந்தோம். இங்கோ வாலைப் பிடித்தவருள் பலர் அதை விட விரும்பவே இல்லை.

இதனோடு மைசூரின் பிற்கால வரலாற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திப்பு வீழ்ந்தபின் 1799-இல் ஐந்து வயதுக் குழந்தையாக அரியணையேறிய மும்மடி கிருஷ்ணராச உடையார், ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் கும்பினிக்குச் செலுத்தும் கட்டுப்பாட்டுடன் ஆண்டார். நகர் சீமையில் கலகம் மூண்டதைக் காட்டி, 1831-இல் பெண்டிங்கு பிரபு அவரிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டார். 1881-இல்தான் அது உடையார் குடும்பத்துக்குத் திரும்பியது. முகம்மது அலியின் நீண்ட ஆட்சியோடு ஒப்பிட்டால் மும்மடியார் செய்த பிழை எத்துணை? அவரும் கடன்பட்டவரே, ஆனால் பெரும்பாலும் உள்ளூர்ச் சாவுகாரரிடம் பட்ட கடன் அது. அவர்களுக்காகப் பேச இலண்டன் பாராளுமன்றத்தில் எவர் இருந்தார்? கும்பினிக்கு அப்போது எதிரியும் இல்லை, உரிமைக்கு வேறொருவர் பெயரும் தேவையில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

முகம்மது அலி 1795-இல் நவாபாகவே இறந்தார். அவர் மகன் உம்தத்துல் உமரா காலத்தில், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அரண்மனைத் தாள்களுள் சில கடிதங்கள் அகப்பட்டன. தந்தையும் மகனும் திப்புவுடன் மறைவாக உறவாடினர் என்பதற்கு அவையே சான்று என்றார் வெல்லெசுலி. மைசூரை ஏமாற்றியவர் என்று மைசூரார் இகழ்ந்த நவாபின் குடும்பம், மைசூருக்கு நண்பர் என்னும் குற்றத்தால் நாடிழந்தது. கடிதங்களில் வாழ்த்துரைகளுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை என்று கருதும் வரலாற்றாசிரியர் பலர். ஆயினும் 1801-இல் கும்பினிக்கு நிஜாமின் நட்பு இருந்தது; தஞ்சை 1799-இலேயே கைக்கு வந்துவிட்டது; திப்பு இல்லை. உம்தத்துல் உமரா அவ்வாண்டு ஜூலையில் இறந்தவுடன், விதிகளுக்கு இணங்க மறுத்த அவர் மகனை ஒதுக்கிவிட்டு, இணங்கிய அஜீமுத்தௌலாவுக்குப் பட்டத்தை மட்டும் கொடுத்து, நாட்டை எடுத்துக்கொண்டனர்.

கடன்காரரை மட்டும் அப்போதும் கைவிடவில்லை. நவாபுகளின் கடன்களை ஆராய 1805-இல் ஓர் ஆணைக்குழு அமைந்தது. 1785-இல் மறுத்த ஆராய்ச்சி இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது. அக்குழுவின்முன் குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்டது. பல்லாண்டுகள் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்ததில், மெய்க்கடன் என்று தேறியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தேறிய அத்தொகையும் கர்நாடகத்து வருவாயிலிருந்தே கொடுக்கப்பட்டது.